ஆஸ்பத்திரிக் குரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. தலைப்பு: ‘பிறரைக் கவனிப்போர் தம்மையும் கவனிக்க’. சென்னையிலிருந்து வந்த மனநல ஆலோசகர் நாற்பது நர்சுகளை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தவர்கள் மூச்சை இழுத்தபடியே தூங்கிவிட்டார்கள்.

பிறகு ஒரு தாள் கொடுத்தார். உங்கள் மனம் எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை? நான் எட்டு போட்டேன். பக்கத்தில் பரிமளா சிஸ்டர் மூன்று போட்டதைப் பார்த்தேன். ஐ.சி.யூ.வின் பொறுப்பு நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். எப்போதும் சிரித்த முகம். அவருக்கு மூன்றா என்று இருந்தது.

முடிவில் ஆளுக்கு ஒரு நோட்டு. தினமும் ஐந்து வரியாவது எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் பார்க்கமாட்டார்களாம்.

சரி, எழுதுகிறேன். பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்பது. திருச்சி, கே.கே. நகர். கணவர் அமல்ராஜ், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். ஒரே மகள் லிடியா, ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு வருடம் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தேன். கடந்த நான்கு வருடமாக உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து, அவர் இறந்துவிட்டார் என்பதைப் புரியவைப்பேன். பிறகு, உறுப்புகளைத் தருவீர்களா என்று கேட்பேன். அதுதான் வேலை.

நன்றாகச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். டியூட்டிக்கு வந்ததும் சானிடைசர் தொட்டுத் துடைத்துவிட்டேன். சாவுச் செய்தி சொல்லப் போகிறவள் நெற்றியில் சாம்பலோடு போகக்கூடாது.

ஐம்பத்திரண்டு வயது அம்மா, மூளையில் ரத்தக்கசிவு. கணவரும் இரண்டு மகள்களும். எப்போதும் செய்கிற மாதிரியே செய்தேன். அவர்களைவிடத் தாழ்வான நாற்காலியில் உட்கார வேண்டும். போனை அணைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தே கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கைகளால் திறக்க முடியாது. ‘மூளைச்சாவு’ என்று மட்டும் சொன்னால் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் “இறந்துட்டாங்க” என்று சொல்ல வேண்டும். “நெஞ்சு ஏறி இறங்குறது மெஷினால” என்று சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும்.

கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேருக்கு வாழ்வு என்று நாளை பேப்பரில் வரும்.

வரும் வழியில் கொத்தமல்லி, வெங்காயம், லிடியாவுக்கு கிராஃப் நோட்டு.

மார்ச் 7, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைத்தேன். கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகவில்லை. பெரம்பலூர் நம்பரிலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு துண்டு கேக்கும். தவக்காலம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தவக்காலத்தில் கேக் சாப்பிடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. கொஞ்ச நாளாகவே எதை வாயில் வைத்தாலும் காகிதம் மாதிரி இருக்கிறது. வெயில்தான் காரணம்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளியிலிருந்து போன். கோ-கோ விளையாடும்போது லிடியா விழுந்து இடது கை எலும்பு முறிந்துவிட்டது. அமல் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார். நான் போனபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். “லிடியா, இப்ப உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது. என்ன நடந்ததுன்னு உனக்கு எவ்வளவு தெரியும்?” என்று கேட்டேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, என்கிட்ட ஆஸ்பத்திரிக் குரல்ல பேசாத.”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல.”

“இதுதான் அது. இப்பப் பேசுறியே, இதுதான். எனக்கு வேணாம். அப்பா, நீங்க வாங்க.”

எளிய முறிவுதான். ஆறு வாரம் கட்டு.

மார்ச் 13, வியாழன்

மாலை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். குப்பை கொட்டக் கீழே வந்த அமல் பார்த்துவிட்டார்.

“எவ்ளோ நேரமா இங்க இருக்க?”

“இப்பதான் வந்தேன்.”

அவர் குனிந்து என்ஜினில் கையை வைத்துப் பார்த்தார். “ஆறிப்போயிருக்கு ஜெசி.”

ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தேன். அவரே கொக்கியை எடுத்துவிட்டார். மேலே போய் ரசம் வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

பெரம்பலூர் நம்பர், இரண்டு தடவை. டி.வி.யில் நகைச்சுவை நிகழ்ச்சி. அமலும் லிடியாவும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

மார்ச் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இளஞ்செழியன், பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவன். லால்குடி சாலையில் பைக் விபத்து. திங்கட்கிழமை கொண்டுவந்தார்கள். இன்று காலைக்குள் மூளைச்சாவுச் சோதனைகள் இரண்டும் முடிந்துவிட்டன. இரண்டிலும் மூச்சு வரவில்லை. ஐ.சி.யூ. தலைவர் டாக்டர் இக்பால் பதினொரு மணிக்குக் குடும்பத்திடம் சொன்னார். அரை மணி நேரம் விட்டு நான் போனேன்.

அம்மா வளர்மதி, பள்ளியில் சத்துணவு சமைப்பவர். வலது கையில் பழைய தீக்காயத் தழும்பு. கூடவே அவர் தம்பி. அப்பா இல்லை. தாழ்வான நாற்காலி, தண்ணீர், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வளர்மதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

“அவனுக்கு வலிக்குதாம்மா?” என்று கேட்டார்.

எல்லாரும் கேட்கிற கேள்வி. பதில் என் நாக்கிலேயே இருக்கிறது.

“இல்லம்மா. நவநீதனுக்கு இப்ப எந்த வலியும் தெரியாது” என்றேன்.

சொன்னது எனக்கே தெரியவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் ஏதோ தவறு என்று புரிந்தது.

“நவநீதனா? எம் பையன் பேரு இளஞ்செழியன்.”

தம்பி எழுந்துவிட்டார். “யாரு செத்தான்னுகூடத் தெரியாம கேக்க வந்துட்டியா? உனக்கு இது எத்தனாவது? பேர மாத்தி மாத்திச் சொல்லி அறுத்துக்கிட்டு இருக்கீங்களா?”

வளர்மதி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். என்னிடம் கேட்டார்.

“அந்தப் புள்ளையும் இதே மாதிரிதானா?”

“ஆமா.”

“அவன் அம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

நான்கு வருடத்தில் இந்த அறையில் எனக்குப் பதில் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார், பதில் கிடைத்துவிட்டது மாதிரி.

“எம் பையன எனக்கு முழுசா குடுத்துடுங்கம்மா” என்றார்.

மாலை நாலு மணிக்கு இளஞ்செழியனின் இதயம் நின்றது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தி போட்டேன். லிடியாவுக்குத் தலை பின்னிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

வளர்மதியின் தம்பி எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நியாயமானதுதான். டாக்டர் இக்பால் தன் அறைக்குக் கூப்பிட்டார். புகாரை மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

“ஜெசிந்தா, கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?”

“டிசம்பர்ல சார்.”

“எந்த டிசம்பர்?”

யோசித்துப் பார்த்தேன். போன டிசம்பர் இல்லை.

“நான் நல்லாத்தான் சார் இருக்கேன். பேரு மாறிப்போச்சு. இனிமே எழுதி வச்சுக்கறேன்.”

“எழுதி வச்சுக்கிட்டா சரியாயிடுமா? தப்பு என் மேலயும் இருக்கு. நாலு வருஷமா உங்க ஒருத்தர மட்டும் அனுப்பிக்கிட்டே இருந்தேன், நீங்க போனா சம்மதம் கிடைக்குதுன்னு. பத்து நாள் வராதீங்க.”

“சார், அடுத்த வாரம்—”

“நான் உங்ககிட்ட கேக்கல. சொல்றேன்.”

நிர்வாகம் அவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்புகிறது. நானும் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

மார்ச் 22, சனி

திரைச்சீலைகளைத் துவைத்தேன். போர்வைகள். தலையணை உறைகள். மிதியடிகள். துவைக்க வேறு எதுவும் இல்லாததால் ஏற்கெனவே துவைத்திருந்த யூனிஃபார்மை மறுபடி துவைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தூங்கினேன். எழுந்தபோது ஞாயிறா திங்களா என்று தெரியவில்லை. லிடியா கட்டுப் போட்ட கையோடு கதவருகில் நின்று, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்ததும் போய்விட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

பரிமளா சிஸ்டர் வந்தார். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்கீரை. யூனிஃபார்ம் இல்லாமல் சேலையில் பார்த்தபோது சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கேட்காமலேயே தரையில் உட்கார்ந்து, பேப்பரை விரித்துக் கீரையை உருவ ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன்.

“நவநீதன் யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஜனவரில வந்தான். பெரம்பலூர் பையன். இருபத்தியொரு வயசு.”

நான் இன்னொரு கொத்தை எடுத்து உருவினேன்.

“அவன் மட்டும் ஏன் உனக்குள்ள நிக்கிறான்?”

கீரையில் கண்ணை வைத்துக்கொண்டு சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. அவன் அம்மா தனபாக்கியம் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோறத என்னால பாக்க முடியாது மேடம். ஆனா அவன் தனியா எங்கயும் போகமாட்டான். நீங்க கூடப் போவீங்களா?” என்றார். “போறேன்மா” என்று சொன்னேன். ஒரு மணி நேரத்தில் இன்னொரு குடும்பம் வந்துவிட்டது. நான் அவர்களிடம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. விரிப்புகூட மாற்றிவிட்டார்கள்.

“அவங்கதான் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க சிஸ்டர். நான் எடுக்கறதில்ல.”

பரிமளா சிஸ்டர் வெகுநேரம் கீரையை உருவினார்.

“நான்தான் அவன் கூடப் போனேன்” என்றார். “அன்னிக்கு அட்டெண்டர் ஒருத்தர்தான் இருந்தாரு. நான் ஒரு பக்கம் டிராலியப் பிடிச்சுக்கிட்டேன். காலு வெளிய தெரிஞ்சது, சில்லுன்னு இருந்துச்சு. தியேட்டர் சாக்ஸ் எடுத்துப் போட்டுவிட்டேன். செத்தவனுக்கு எதுக்கு சாக்ஸுன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. லிஃப்ட்ல தலையத் தடவிக்கிட்டே போனேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே. நாம யாரும் யார்கிட்டயும் எதையும் கேக்கறதில்லையே. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் நான் துணி ரூமுக்குப் போய் கதவச் சாத்திக்கிட்டு பெட்ஷீட்ட எண்ணுவேன். அம்பது எண்ணிட்டு வெளிய வருவேன். இருபத்தாறு வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ எங்க போவ?”

“வண்டியில உக்காந்திருப்பேன். பார்க்கிங்ல.”

“ம்” என்றார்.

காம்புகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார். “அந்த அம்மா போன எடு. உனக்காக எடுக்காட்டியும் அவங்களுக்காக எடு.”

மார்ச் 26, புதன்

பத்தரை மணிக்கு நானே பெரம்பலூர் நம்பரைக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

“மேடம், நவநீதன் அம்மா பேசுறேன்.”

“சொல்லுங்கம்மா” என்றேன். அது அந்தக் குரல்தான். லிடியா சொன்ன குரல். தொண்டையைச் செருமிக்கொண்டேன். வேறு எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

“தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அவன உள்ள கொண்டுபோகும்போது நீங்க கூட இருந்தீங்கல்ல?”

இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

“இல்லம்மா. கூடப் போறேன்னு சொன்னேன். போகல. வேற ஒரு குடும்பத்துகிட்டப் போயிட்டேன். அதனாலதான் உங்க போனையும் எடுக்கல.”

அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் வந்தது. நின்றது.

“அப்ப யாருமே இல்லையா?”

“இருந்தாங்கம்மா. பரிமளான்னு ஒரு சிஸ்டர். உங்க வயசுதான் இருக்கும். டிராலியப் பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் போனாங்க. கால் சில்லுன்னு இருந்துச்சுன்னு சாக்ஸ் போட்டுவிட்டாங்க. தலையத் தடவிக்கிட்டே போனாங்க.”

“சாக்ஸ் போட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“என்ன கலர்?”

தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, டியூட்டியில் இருந்த பரிமளா சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “பச்சை. நம்மகிட்ட பச்சை மட்டும்தான்” என்றார். மறுபடி பெரம்பலூருக்குப் போட்டேன்.

“பச்சைம்மா.”

“பச்சை” என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு “சரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

கீரைக் குழம்பு. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 31, திங்கள்

மீண்டும் வேலை. டாக்டர் இக்பாலிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு குடும்பங்களுக்கு மேல் ஒருவரே பார்க்கக் கூடாது. ஒரு குடும்பத்தைப் பார்த்த மறுநாள் இன்னொன்று கூடாது. இரண்டாவது ஒருங்கிணைப்பாளர் வேண்டும். வியாழக்கிழமை மதியம் ஐ.சி.யூ. ஆட்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் உட்கார வேண்டும். அந்த வாரம் போனவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். “கடைசிது இந்த வாரமே ஆரம்பிக்கலாம். ஆளு போடறதுக்கு நிர்வாகத்துகிட்டக் கேக்கணும். எவ்ளோ நாளாகும்னு தெரியல.”

“கேளுங்க சார்.”

ஏப்ரல் 3, வியாழன்

மதியம் ஒரு மணிக்கு துணி ரூமிலேயே உட்கார்ந்தோம். ஏழு பேர். நாற்காலி இல்லாததால் பெட்ஷீட் கட்டுகள்மேல். முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. ஃபேன் இல்லை, வியர்த்துக் கொட்டியது. பிறகு பரிமளா சிஸ்டர் ஒரு பெயர் சொன்னார். ஒரு வென்டிலேட்டர் டெக்னீஷியன் இன்னொரு பெயர் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் “இளஞ்செழியன்” என்றேன். இந்த வாரம் போனவன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இரண்டரை மணிக்கு டாக்டர் இக்பால் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“மணப்பாறை கேஸ், ரெண்டாவது டெஸ்டும் முடிஞ்சுது. சகாதேவன், நாப்பத்திநாலு, பஸ் டிரைவர். ஒய்ஃபும் அண்ணனும் கவுன்சிலிங் ரூம்ல இருக்காங்க.”

எழுந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். வாய்க்குள் அந்தக் குரல் தயாராவது தெரிந்தது. உதடு தானாக மென்மையாகிறது, நெஞ்சுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. அது இப்படித் தயாராவது இதுவரை எனக்குத் தெரிந்ததே இல்லை.

“சார், இன்னிக்கு என்னால முடியாது.”

நான்கு வருடத்தில் முதல் தடவை சொல்கிறேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நான் போறேன். முதல்ல என்ன சொல்லணும்?”

“அவர் பேரச் சொல்லுங்க. இறந்துட்டார்னு சொல்லுங்க. அப்புறம் பேசாம இருங்க சார். உங்களால அதுதான் முடியாது, ஆனா இருங்க.”

இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“வேணாம்னுட்டாங்க.”

உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியல் என் மேஜையில் திறந்தே இருந்தது. அதில் இருக்கிறவர்களில் இரண்டு பேரின் முகம் எனக்குத் தெரியும்.

“நான் போயிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களா சார்?”

“தெரியல. ஒருவேளை.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எப்படி ஜெசிந்தா நாலு வருஷமா இதச் செஞ்சீங்க?”

பட்டியலை மூடிவைத்தேன்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் சிவப்பு. நின்றுகொண்டிருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ பிசைந்தது. விட்டுவிட்டு இல்லை, தொடர்ந்து. மாரடைப்போ என்று வரிசையாகச் சோதித்தேன். இடது கையில் வலி இல்லை. தாடையில் இல்லை. குளிர்ந்த வியர்வை இல்லை. நாடி பார்த்தேன், எண்பத்தாறு, சீராக இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது. சிக்னல் பச்சையாகிப் பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிற வரைக்கும் எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

வருத்தம். வெறும் வருத்தம்தான்.

வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன்.